ஜெராக்ஸ் எடுப்பவன் கள்ளனா?

பதிப்புரிமை என்ற சொல்லை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்பது புத்தகக் கடையில் அல்ல, ஜெராக்ஸ் கடையில். அதுவும் ஒரு மிரட்டலாகவே கேட்கிறார்கள். நமக்கென்று எழுதப்பட்ட சட்டம் காவல்நிலையப் படி ஏறும்போது காணாமல் போய்விடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியுங்கள் என்றால் எழுத்தருக்குப் பேனா கிடைக்காது. ஆனால் நம்மைத் தடுப்பதற்கு உதவுகிற சட்டம் எதுவானாலும் அது தானே நடந்து வந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். பதிப்புரிமைச் சட்டமும் அப்படித்தான் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பாதிச் சட்டமாக, தடுக்கிற பாதியாக மட்டும்.

தென்காசி வட்டாரத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்றாகிவிடும். நூலக வாசலில், 'புத்தகங்களை ஒளிநகல் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எம்.ஏ. படிக்கிற, பீடி சுற்றுகிற வீட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அண்ணே, பேப்பர்ல இருக்கது மூணே மூணு கட்டுரை. புத்தகம் நானூத்துச் சொச்சம் ரூவா. எங்கம்மா எத்தன ஆயிரம் பீடி சுத்தணும்? லைப்ரரில ஒரே ஒரு காப்பி, அதையும் ஒரு மேடம் எடுத்து வச்சிருக்காவ. ஜெராக்ஸ் கடைல போய்க் கேட்டா, காலேஜ்ல சொல்லியிருக்காவம்மா, எடுத்தா கேஸாயிரும்ங்காரு."

கேஸ் ஆகாது. இந்த இரண்டு சொல்லைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் ஏன் ஆகாது, எதற்கு ஆகும், எதற்கு ஆகவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாகவேண்டும். ஏனென்றால் 'எல்லாவற்றையும் எடுத்துக்கோ, எவனுக்கும் ஒன்றும் தராதே' என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்து நமக்கும் சொத்துதான். காணி நிலம் இல்லாதவனுக்கு அது ஒன்றுதான் சொத்து.

1

முதலில் சட்டத்தின் மறைக்கப்பட்ட பாதி.

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவருக்கு உரிமை தருகிறது. அவர் வாழ்நாளும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். (முதலில் 50 ஆண்டுகள்தான். தாகூரின் எழுத்துகளுக்குக் கெடு முடிகிற நேரம் வந்ததும் 1992-இல் 60 ஆக்கினார்கள்.) இவ்வளவும் அறிவிப்பு ஒட்டுகிறவர்களுக்குத் தெரியும். இதே சட்டத்தில் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பது மட்டும் தெரியாது. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிற பிரிவு அது. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்காகவும், விமரிசனத்துக்காகவும், மதிப்புரைக்காகவும் ஒரு படைப்பை நேர்மையாகக் கையாளலாம் என்கிறது. அதிலேயே உட்பிரிவு 1-இல் (ஐ) என்ற எழுத்தில் வருவது இன்னும் நேரானது: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் படியெடுக்கலாம், தேர்வுக் கேள்வியிலும் விடையிலும் பயன்படுத்தலாம். இத்தனை விழுக்காடு, இத்தனை பக்கம் என்ற கணக்கு அங்கே கிடையாது.

இதைச் சும்மா விட்டார்களா? 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் சேர்ந்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். எதிரி யார்? டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ் என்ற சின்னக் கடை. கூடவே டெல்லிப் பல்கலைக்கழகம். ஆசிரியர்கள் பாடத்திட்டத்தில் கொடுத்த பட்டியல்படி பல புத்தகங்களிலிருந்து ஒவ்வோர் இயலை எடுத்து, ஒன்றாகக் கட்டி, பைசாக் கணக்கில் மாணவர்களுக்குக் கொடுத்ததுதான் அந்தக் கடை செய்த குற்றம். உலகத்தின் மிகப் பழைய, மிகப் பெரிய பதிப்பகங்கள் ஒரு ஜெராக்ஸ் மெஷினுக்கு எதிராகக் கச்சை கட்டின. மாணவர்கள் அமைப்பாகத் திரண்டு வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அமர்த்தியா சென் பதிப்பாளர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது தெய்வம் கொடுத்த உரிமையுமல்ல, இயற்கை கொடுத்த உரிமையுமல்ல. சட்டம் கொடுத்த உரிமை, ஆகவே சட்டம் போட்ட எல்லைக்குள்தான் நிற்கும் என்பது அவர் தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் விளக்கமாகச் சொன்னது. கற்பித்தலின் போக்கு என்றால் வகுப்பில் வாத்தியார் வாய்திறந்து பேசுகிற ஒரு மணி நேரம் மட்டுமல்ல, பாடம் முழுவதும் அதற்குள் வரும். ஓர் ஆசிரியர் ஒரு மாணவர் என்று பொருள் கொள்ளக்கூடாது, வகுப்புக்கே பொருந்தும். படியெடுப்பது எவ்வளவு என்பதற்கு எண்ணிக்கை வரம்பில்லை. ஆனால் அது அந்தப் பாடத்துக்குத் தேவையானதாக இருக்கவேண்டும். ஆசிரியரோ மாணவரோ தாமே மெஷின் வாங்கி வைத்திருக்கவேண்டியதில்லை, கடைக்காரரைக் கொண்டும் செய்யலாம். எடுத்தவை பாடத்துக்குத் தேவையானவைதானா, முழுப்புத்தகங்களை நகலெடுத்தது நியாயமா என்ற உண்மைக் கேள்விகளை மட்டும் மீண்டும் விசாரிக்க அனுப்பினார்கள். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. நகல் உரிமங்களை விற்கிற அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு மே மாதம் அங்கேயும் கதவு சாத்தப்பட்டது.

அமெரிக்கா அமெரிக்கா என்று வாய்பிளக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. அந்நாட்டின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்ற பிரிவிலேயே வகுப்பறைக்கான பல பிரதிகள் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. இதே ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இன்னொரு பதிப்பகத்தோடு சேர்ந்து 2008-இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குப் போட்டு, பன்னிரண்டு ஆண்டு இழுத்து, 2020-இல் பெரும்பாலும் தோற்றன.

ஆக, டெல்லியில் தீர்ந்த வழக்கு தென்காசியில் தீரவில்லை. தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பிள்ளை ஜெராக்ஸ் கடை வாசலில் கள்ளியைப் போல நிற்கிறாள். இது அறியாமை மட்டும்தானா?

2

அறியாமை மட்டுமல்ல, பழக்கம். இந்த நாட்டில் படியெடுக்கத் தடை போட்ட முதல் சட்டம் 1957-இல் வந்ததல்ல. கௌதம தர்ம சூத்திரத்தில் வருகிற தண்டனையைப் பாருங்கள். வேதத்தைச் சூத்திரன் வேண்டுமென்றே கேட்டால் காதில் ஈயமும் அரக்கும் காய்ச்சி ஊற்று. ஓதினால் நாக்கை அறு. மனதில் வைத்திருந்தால் உடலைப் பிள. எழுத்தில் வைக்காமல் வாய்வழியாகவே காப்பாற்றி வந்த ஒரு பிரதிக்கு இதைவிடக் கச்சிதமான நகல் தடைச் சட்டம் இருக்கமுடியுமா? காது வழியாக உள்ளே போவது, வாய் வழியாக வெளியே வருவது, நினைவில் சேமித்து வைப்பது என்று ஒரு படி எடுக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் கண்டுபிடித்து அடைத்திருக்கிறார்கள். சூத்திரனுக்கே இது என்றால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவனைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஏகலைவன் கதையை எல்லாரும் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது ராயல்டி கதை. துரோணன் அந்த நிஷாதப் பிள்ளைக்கு ஒரு நாள்கூடப் பாடம் நடத்தவில்லை. முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பினான். பையன் மண்ணில் ஒரு பிரதி செய்து வைத்து, தானே பார்த்துத் தானே படித்தான். சொல்லிக்கொடுக்காத பாடத்துக்குக் கட்டைவிரலைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு போனார்கள். நூலகத்தில் புத்தகம் இல்லை, கடையில் வாங்கக் காசு இல்லை, வகுப்பில் அந்தப் பாடம் நடத்தவுமில்லை. ஆனாலும் நகல் எடுத்தால் குற்றம் என்கிற அறிவிப்புப் பலகைக்கும் அதற்கும் எனக்கு அதிக தூரம் தெரியவில்லை.

'எதற்கெடுத்தாலும் சாதியை இழுக்கிறீர்கள்' என்று சொல்வார்கள். இழுக்கவில்லை ஐயா, கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் மூன்று தலைமுறையாக அலமாரி வைத்திருக்கிறவனுக்கு ஜெராக்ஸ் கடை தேவையில்லை. அப்பா பேராசிரியர், மாமா வக்கீல், சித்தப்பா பல்கலைக்கழகக் குழுவில் உறுப்பினர் என்றால் புத்தகம் வீட்டிலேயே இருக்கும். படிப்பில் முதல் தலைமுறையாக வருகிறவளுக்குத்தான் நகல் வேண்டும். நகலைத் தடுப்பது எல்லாருக்கும் பொதுவான தடை மாதிரித் தோன்றும். விழுகிற இடம் ஒன்றுதான்.

3

இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். வகுப்பறை எங்களிடமிருந்து என்னவெல்லாம் படியெடுத்துக்கொண்டது?

எங்கள் குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எம்.ஏ. படித்த யாரும் திருக்குற்றாலக் குறவஞ்சியைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. தென்காசியை ஒட்டிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. அந்த நூலின் உயிர் எங்கே இருக்கிறது? குறத்தியின் மலையில், குறத்தியின் பேச்சில், அவள் சொல்கிற குறியில், சிங்கனும் சிங்கியும் போட்டுக்கொள்கிற வழக்கில். குறி சொல்லிப் பிழைத்த ஒரு சனத்தின் வாய்மொழி அது. அரங்கேற்றத்துக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். குறவஞ்சிக்காக வந்த நிலம், ஆனால் குறவஞ்சிக்கு வந்த நிலமல்ல. கவிராயரின் புலமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு நிலம் கிடைத்தது சரிதான் என்றே வைத்துக்கொள்வோம். குறத்தியின் பங்கு எங்கே என்று முந்நூறு ஆண்டுகளாக ஒரு பேராசிரியர்கூடத் தேர்வில் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

முக்கூடற் பள்ளு பாடத்தில் இருக்கிறது. நெல்வகையும் மாட்டுவகையும் மீன்வகையும் ஏரின் உறுப்பும் எண்ணி எண்ணிச் சொல்லும். வயலில் நின்ற பள்ளர் சனத்தின் அறிவெல்லாம் அதில் கொட்டிக் கிடக்கிறது. வகுப்பில் அதே பள்ளனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டுகிற காட்சியைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். அந்தச் சனத்துப் பிள்ளை கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான். அவன் பாட்டனின் உழவறிவை விலையில்லாமல் எடுத்து இலக்கியமாக்கியவர்கள், அவனுக்கே அதை விலைபோட்டு விற்பார்கள்.

நாட்டுப்பாடல் சங்கதி இதைவிட மோசம். நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் தாலாட்டையும் எங்கள் கிழவிகளின் வாயிலிருந்து ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டு போய் முனைவர் பட்டம் வாங்கினவர்கள் எத்தனை பேர்! தொகுப்புகள் பலவற்றில் சேகரித்தவர் பெயர் அட்டையில் இருக்கும். ஊர்ப் பெயர்கூட இருக்கும். பாடியவள் பெயர் இருக்காது. சட்டமும் அதற்குத் துணை நிற்கிறது. இன்னார் இயற்றியது என்று காட்டமுடியாத பாட்டுக்குச் சட்டத்தில் உரிமையாளர் இல்லை. அதைத் தொகுத்து அச்சிட்டவருக்குத் தொகுப்பின்மேல் உரிமை உண்டு. 1994-இல் நிகழ்த்துவோர் உரிமை என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பாடுகிறவரின் அனுமதியில்லாமல் ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்கிறது அது. வயக்காட்டில் நாற்று முடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற கிழவியிடம் அதை யார் சொன்னார்கள்?

பாட்டைக் கொடுத்தவள் படிக்க வரும்போது காசு கேட்கிறார்கள். எங்கள் வாயிலிருந்து எடுத்தால் கள ஆய்வு. உங்கள் புத்தகத்திலிருந்து எடுத்தால் களவு!

4

இந்த இடத்தில் ஓர் எதிர்க்கேள்வி வரும். நம் ஆட்களே கேட்கிறார்கள், நியாயமாகவே கேட்கிறார்கள். "தோழர், இப்பத்தான் நாலு தலித் எழுத்தாளர் பேரு வெளியே தெரியுது. புத்தகத்துக்கு வர்ற ராயல்டியே சில்லறை. அதையும் ஜெராக்ஸ் போட்டு அழிச்சா நம்ம ஆளுக்கு என்ன மிஞ்சும்? சொத்தே இல்லாத சனத்துக்கு முதமுதலா ஒரு சொத்து வரும்போது சொத்துரிமை வேண்டாம்னு பேசறீங்களே?"

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பதில் சொல்கிறேன்.

வகுப்பறை நகலால் எழுத்தாளரின் சோறு போகவில்லை. ஒரு தாளுக்கு இருபது முப்பது புத்தகங்களிலிருந்து ஒவ்வொரு பகுதி வைத்தால், அந்த இருபது முப்பதையும் எந்த மாணவியும் வாங்கப்போவதில்லை. நகல் கிடைக்காவிட்டால் அவள் படிக்காமல்தான் இருப்பாள். இதையேதான் டெல்லி அமர்வும் கண்டது. படித்தவர் பெருகினால் நாளைக்குப் புத்தகம் வாங்குகிறவரும் பெருகுவார் என்றும் சொன்னது. 'கருக்கு'வை நகலில் படித்தவள் வேலைக்குப் போனதும் முதலில் வாங்குகிற புத்தகம் 'கருக்கு'வாகத்தான் இருக்கும்.

பிறகு எழுத்தாளரின் சோற்றில் மண்ணைப் போடுகிறவர் யார்? கைடு போடுகிறவர். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் செய்யுள் திரட்டு, சிறுகதைத் திரட்டு என்று அச்சடித்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் தள்ளுகிறவர். உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் முழுக்கதையை ஒரு கடிதம்கூடப் போடாமல் சேர்த்துக்கொண்டு, 'அனைத்து உரிமையும் பதிப்பகத்தாருக்கே' என்று முதல் பக்கத்தில் அச்சடிக்கிறவர். தன் கதை பாடமாக இருப்பதை மாணவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டதாக என்னிடம் புலம்பிய எழுத்தாளர்கள் உண்டு. இதற்கு 52-ஆம் பிரிவு குடை பிடிக்காது. பாடத் திரட்டுக்கு அங்கே தனி விதி இருக்கிறது: திரட்டு பெரும்பாலும் பதிப்புரிமை இல்லாத எழுத்துகளால் ஆனதாக இருக்கவேண்டும், எடுப்பது சிறு பகுதியாக இருக்கவேண்டும், அதிலும் ஓர் ஆசிரியரிடமிருந்து அதே பதிப்பகம் ஐந்தாண்டில் இரண்டு பகுதிக்கு மேல் எடுக்கக்கூடாது. இந்த விதிக்குள் அடங்குகிற திரட்டு எத்தனை என்று நம் தமிழ்த்துறைகள் சொல்லட்டும்.

அடுத்த களவு பெயரிலும் உடலிலும் நடக்கிறது. நம் எழுத்தைப் பாடத்தில் வைக்கும்போது சாதிப் பெயரை வெட்டுவார்கள். வசவை வெட்டுவார்கள். பீ, மூத்திரம், மாட்டுக்கறி என்று வந்தால் கைகுட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புள்ளி வைப்பார்கள். சேரியின் பேச்சைச் செந்தமிழாக்கித் திருத்துவார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இங்கே நமக்கு ஆயுதம். உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும்கூட, இது என் எழுத்து என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடாகச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. எத்தனை பாடத்திட்டக் குழுக்களுக்கு எதிராக இதை நாம் எடுத்திருக்கிறோம்?

ஆக என் கோடு இதுதான். வகுப்புக்காகப் படியெடுப்பது களவல்ல. கேட்காமல் அச்சடித்து விற்பது களவு. பெயரை அழிப்பதும் பேச்சைச் சிதைப்பதும் அதைவிடப் பெரிய களவு. அறிவிப்பு ஒட்டுகிறவர்கள் முதலாவதைப் பிடிக்கிறார்கள். மற்ற இரண்டும் அவர்கள் துறை அறையிலேயே நடக்கிறது.

ஆக்ஸ்போர்டையும் இந்தக் கோட்டில் வைத்துப் பார்க்கவேண்டும். ராமேஸ்வரி கடைமேல் வழக்குப் போட்ட அதே 2012-இல்தான் தமிழ் தலித் எழுத்துகளின் ஆங்கிலத் தொகுப்பை அது வெளியிட்டது. பாமாவின் 'சங்கதி', 'கருக்கு' ஆங்கில மொழிபெயர்ப்புகளும் அதன் பட்டியலில் உண்டு. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் தலித் வாழ்க்கையை வெளியிடுவேன், தலித் மாணவர் படியெடுத்தால் கோர்ட்டுக்குப் போவேன் என்பது என்ன நியாயம்? எங்கள் வலி உங்கள் பட்டியலுக்கு வேண்டும். எங்கள் பிள்ளை உங்கள் வாசகராக வேண்டாமா?

5

இன்னொரு காரணத்துக்காகவும் நகல் நமக்கு வேண்டும். நம் எழுத்து பாடத்திட்டத்தில் நிலையாக இருக்கும் என்று எவனும் உத்தரவாதம் தரவில்லை.

தென்காசிக் கல்லூரிகள் பல இணைந்திருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் 2020 நவம்பரில் என்ன நடந்தது? எம்.ஏ. ஆங்கிலத்தில் 2017 முதல் பாடமாக இருந்த அருந்ததி ராயின் நூலை, ஏபிவிபி எதிர்ப்புத் தெரிவித்ததும் எடுத்துவிட்டு, மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு பி.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாசுவேதா தேவியின் கதையையும் நீக்கியது. நகலெடுக்கும் உரிமைக்காக நீதிமன்றத்தில் நின்ற அதே பல்கலைக்கழகம்தான்! படியெடுக்க உரிமை கிடைத்தது. படியெடுக்கப் பாடம் இல்லாமல் போனது. அதிகாரத்துக்கு இரண்டு கதவு; ஒன்றைத் திறந்தால் இன்னொன்றைச் சாத்தும்.

அப்படிச் சாத்தும்போது நான்கு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மாணவர் கையில் கொடுக்கிற ஆசிரியர்தான் பாடத்தைக் காப்பாற்றுகிறார். பெண்ணெழுத்து என்றொரு பாடம் நடத்தினால் அதற்குத் தேவையான கவிதையை வகுப்புக்குக் கொண்டுவர அவருக்குச் சட்டம் இடம் தருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

நம் வரலாறும் நகலில்தான் பிழைத்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய 'பறையன்' இதழின் முழுத்தொகுதி இன்று நம் கையில் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914-இல் இறக்கும்வரை நடத்திய 'தமிழன்' நம் கையில் இருக்கிறது. பழைய தாள்களை வீட்டில் கட்டிக் காத்தவர்களும் படியெடுத்தவர்களும் இருந்தார்கள்; ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் தமிழ்ச் சிந்தனை வரலாற்றைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. காப்பாற்றப்பட்ட ஒரு பிரதிக்கும் காப்பாற்றப்படாத ஒரு பிரதிக்கும் இடையில் இருக்கிற தூரம் அவ்வளவு.

அம்பேத்கரே இதற்குச் சாட்சி. 1936-இல் லாகூர் ஜாத்-பட்-தோடக் மண்டல் கூட்டத்தை ரத்து செய்துவிட்டது. பேசமுடியாத உரையை அவர் தன் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், நூல் குஜராத்தியிலும் தமிழிலும் வந்துவிட்டதையும் வேறு மொழிகளில் வந்துகொண்டிருப்பதையும் மகிழ்ச்சியோடு குறித்திருக்கிறார் பாபாசாகேப். அவர் 1956-இல் மறைந்ததால், 2016 முடிவோடு அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களின் பதிப்புரிமையும் முடிந்தது. அந்த ஆங்கில மூலங்களை இன்று எவரும் படியெடுக்கலாம், அச்சிடலாம், தெருவில் நின்று கொடுக்கலாம். பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளுக்கு மட்டும் மொழிபெயர்த்தவரின் உரிமை தனியே உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

6

பேசி முடித்துவிட்டு டீ குடித்துப் போகிற கட்டுரை இதுவல்ல. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

மாணவர்களே, அந்த அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்திலேயே 52-ஆம் பிரிவைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கிழித்தால் மறுபடி ஒட்டுங்கள். ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி கையிலும் ஒரு தாள் கொடுங்கள். பயப்படுகிறவர் அவர்தான், கடையை வைத்துப் பிழைக்கிறவர், கேஸ் என்றால் நடுங்கத்தான் செய்வார். பாடத்துக்குத் தேவையானதை எடுங்கள். தேவைக்கு மேல் எடுத்து விற்காதீர்கள், அப்படிச் செய்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. செல்பேசியில் பிடித்த பக்கங்களை உங்கள் வகுப்புக்குள் பகிர்ந்துகொள்வது வேறு, முழுப்புத்தகத்தை ஊரெல்லாம் அனுப்புவது வேறு. தலித் பதிப்பகங்கள் சின்னவை; அவற்றின் புத்தகத்தை வாங்க முடிகிற அன்று வாங்குங்கள்.

ஆசிரியர்களே, பாடத்துக்கான பகுதிகளின் பட்டியலை எழுத்தில் கொடுங்கள். அந்த ஒரு தாள்தான் மாணவருக்குக் கவசம். கடையில் கிடைக்காமல் போன நம் பழைய நூல்களை, இந்தியாவில் விற்பனைக்கு இல்லாதபோது, லாபநோக்கில்லாத பொது நூலகம் மூன்று பிரதிவரை எடுத்து வைக்கலாம் என்று அதே 52-ஆம் பிரிவு சொல்கிறது. கல்லூரி விழாவில் 'கருக்கு'வை நாடகமாக்க நினைத்தால், நடிப்பவர்கள் ஆசிரியரும் மாணவரும், பார்ப்பவர்கள் அவர்களும் பெற்றோரும் என்றிருக்கும்வரை சட்டம் குறுக்கே வராது. ஆனால் மரியாதைக்கு எழுதியவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்காமல் எடுத்துப் பழகியது அவர்கள் வழக்கம், நமக்கு அது வேண்டாம்.

எழுத்தாளர்களே, உங்கள் கதை எந்தத் திரட்டில் இருக்கிறது என்று தேடுங்கள். அனுமதி கேட்காதவருக்குக் கடிதம் போடுங்கள், பணம் கேளுங்கள். வெட்டியிருந்தால் 57-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். பதிப்பகத்தோடு கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கூச்சப்படாதீர்கள். கூலி கேட்கக் கூச்சப்பட்ட காலம் நம் பாட்டன்மாரோடு போகட்டும்.

களத்துக்குப் போகிற தோழர்களே, பாட்டை வாங்குமுன் பாட்டியிடம் கேளுங்கள். அவள் பெயரையும் ஊரையும் தெருவையும் எழுதுங்கள். அச்சான புத்தகத்தில் ஒன்றை அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவளால் படிக்க முடியாவிட்டால் அவள் பேத்தி படித்துக் காட்டுவாள்.

அந்தப் பேத்திக்கு ஒரு நகல் வேண்டுமென்றால், தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.